வெப்சைட்டுக்கு ஆள் வருகிறது, வாங்க யாரும் வரவில்லை: வாசகர் கேள்வி-பதில்

சிறு வியாபாரம் செய்பவர்கள் வெப்சைட்டில் என்ன எழுதுவது, அதை எழுதித் தருகிறேன் என்று பணம் வாங்குபவர்களை எப்படி நம்புவது என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மதுரையில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம், மாமனார் காலத்திலிருந்து நடக்கிறது. வெப்சைட் தொடங்கி, கட்டுரை எழுதிப் போட ஒரு ஏஜென்சிக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். 'சேலையின் வரலாறு', 'பெண்கள் விரும்பும் 10 சேலை வகைகள்' என்று போடுகிறார்கள். பார்க்க வருபவர்கள் கூடிக்கொண்டே போவதாக ரிப்போர்ட் வருகிறது, ஆர்டர் மட்டும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்பவர்களும் '300 ரூபாய்க்குள் இருக்கா', '50 சேலை ஹோல்சேல் ரேட் என்ன' என்றுதான் கேட்கிறார்கள். எங்கே தப்பு?

ஏஜென்சி உங்களுக்கு விற்பது வருகை எண்ணிக்கையை, உங்களுக்கு வேண்டியதோ சேலை வாங்குகிறவர்களை. 'சேலையின் வரலாறு' என்று கூகுளில் தேடுகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூட பிராஜெக்ட் செய்யும் பிள்ளையாக இருக்கலாம், பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்பவராக இருக்கலாம், சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவராகவும் இருக்கலாம். படித்துவிட்டுப் போய்விடுவார்கள், அவர்கள் மேல் குறையே இல்லை. ஆனால் 'மதுரை கைமுடிச்சு சுங்குடி காட்டன் சேலை விலை' என்று ஒருவர் தேடினால் அவர் கையில் பர்ஸோடுதான் தேடுகிறார். மாதத்துக்கு இருபது பேர்தான் அப்படித் தேடுவார்கள் என்றாலும், அந்த இருபது பேருக்கு எழுதிய பக்கம்தான் உங்களுக்குச் சோறு போடும்.

எதை எழுதுவது என்று தெரிந்துகொள்ள ஏஜென்சி வேண்டாம், கடையிலேயே கிடைக்கும். ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டை கல்லாப்பெட்டி பக்கத்தில் வையுங்கள். வருகிறவர்கள் கேட்கும் கேள்வியை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், உங்கள் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும் பழைய கேள்விகளையும் அதில் சேருங்கள். "இது கையில முடிச்சுப் போட்டதா, பிரிண்டா?" "முதல் தடவை துவைச்சா சாயம் போகுமா?" "பிளவுஸ் பிட் சேர்த்தா, தனியா?" "அம்மாவுக்கு எழுபது வயசு, கனமில்லாம ஏதாவது இருக்கா?" "கஞ்சி போடாம கட்டினா நிக்குமா?" உங்கள் மாமனார் இந்தக் கேள்விகளுக்கு எத்தனை வருடமாகப் பதில் சொல்லி வியாபாரம் செய்திருப்பார்! அந்தப் பதில்கள் ஒன்றுகூட உங்கள் தளத்தில் இல்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஏஜென்சியில் எழுதுகிற பையன் கடைக்கு வந்ததே இருக்காது.

300 ரூபாய்க் கேள்வி ஏன் வருகிறது? சுங்குடி என்ற பெயரில் இன்று சந்தையில் இரண்டு மூன்று வகை ஓடுகிறது. சௌராஷ்டிரக் குடும்பங்கள் கையால் துணியைக் கிள்ளி நூல் சுற்றி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுப்பது ஒன்று. மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்தது இந்த வேலைதான். மெழுகு வைத்து அச்சடித்தது, ஸ்கிரீன் பிரிண்ட் என்று அதே புள்ளி டிசைனில் வருபவை வேறு. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு போட்டு வருவதும் பிரிண்ட் ஓடி வருவதும் ஒரே விலையில் இருக்க முடியாது. உங்கள் பக்கத்தில் இந்த வித்தியாசமும் இல்லை, விலையும் இல்லை என்றால், வருகிறவர் தனக்குத் தெரிந்த விலையை வைத்துத்தான் கேட்பார்.

விலையைப் போட்டால் ஆள் ஓடிவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். சிலர் ஓடத்தான் செய்வார்கள். அவர்கள் வாட்ஸ்அப்பில் அரை மணி நேரம் பேசிவிட்டு ஓடுவதற்குப் பதில் பக்கத்தைப் பார்த்ததுமே ஓடுகிறார்கள், அவ்வளவுதான். மொத்த வியாபாரம் செய்வதில்லை என்றால் 'மொத்த விற்பனை இல்லை, ஒரு சேலை வாங்கினாலும் அனுப்புவோம்' என்று மேலேயே எழுதுங்கள். யாருக்கு இது சரிப்படாது என்று வெளிப்படையாகச் சொல்லும் கடைக்கு, சரிப்படும் ஆள் நிம்மதியாக வருவார்.

ஒரு மாதிரி காட்டுகிறேன். 'பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் எங்கள் எழில்மிகு சேலைகள் ஒவ்வொரு பெண்ணின் கனவு' என்று ஒரு வரி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், அது எந்த ஊர் எந்தக் கடைக்கும் பொருந்தும். அந்த இடத்தில் இப்படி: 'கையால் முடிச்சுப் போட்ட காட்டன் சுங்குடி. புள்ளிகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது, வட்டம் கொஞ்சம் கோணலாகவே வரும். சேலை ஐந்தரை மீட்டர், பிளவுஸ் துணி சேர்த்தே வரும். முதல் இரண்டு மூன்று தடவை தனியாக, கல்லுப்பு போட்ட தண்ணீரில் அலசுங்கள், அடர்ந்த சிவப்பிலும் நீலத்திலும் கொஞ்சம் சாயம் இறங்கும். பிரிண்ட் சுங்குடி வேண்டுமென்றால் அது வேறு பக்கத்தில் இருக்கிறது, விலை குறைவு.' அளவும் சாயமும் உங்கள் சரக்குக்கு எது உண்மையோ அதைப் போடுங்கள். இதைப் படிக்கிறவருக்குப் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். திருப்பி அனுப்புகிற சேலைகளும் குறையும், ஏனென்றால் 'புள்ளி கோணலாக இருக்கு' என்று யாரும் குறை சொல்லப் போவதில்லை.

இரண்டு சின்ன வேலை பாக்கி. கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியைத் திறக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எதற்குக் கிளிக் விழுந்தது என்று அதில் இருக்கும், 16 மாதம் வரை பின்னால் போய்ப் பார்க்கலாம். ஏஜென்சி ரிப்போர்ட்டை விட அதை நம்புங்கள். அப்புறம், ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும் பாருங்கள், பல கடைகளில் அது வெறும் 'ஹோம்' என்று கிடக்கிறது. தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் அந்த வரிதான், அதில் பொருளும் ஊரும் இருக்க வேண்டும். 'மெட்டா கீவேர்டு (பக்கத்தைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே எழுதி வைக்கும் தேடல் சொற்கள்) போட்டோம்' என்று பில்லில் ஒரு வரி இருந்தால் அதற்குப் பணம் தராதீர்கள். தேடலில் எந்தப் பக்கம் முன்னால் வரும் என்ற தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

கேள்வி: தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? தமிழில் யார் தேடுகிறார்கள் என்கிறார்கள்.

உங்கள் வாடிக்கையாளர் எதில் பேசுகிறாரோ அதில். நம் ஆட்கள் பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறார்கள், அதனால் பொருளின் பெயரை இரண்டு எழுத்திலும் ஒரு தடவை போட்டுவிடுவது நல்லது. வெளிமாநிலம், வெளிநாடு அனுப்புகிறீர்கள் என்றால் ஆங்கிலப் பக்கம் தேவை. ஆனால் ஒரு மொழியில் எழுதி, மெஷினில் இன்னொன்றுக்கு மொழிபெயர்த்து, படித்துப் பார்க்காமல் அப்படியே ஏற்றாதீர்கள், அந்தத் தமிழைப் பார்த்தாலே கடை மேல் சந்தேகம் வருகிறது.

கேள்வி: ஈரோடு பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறேன். 'சர்க்கரை நோய் குணமாகும், இதய அடைப்பு வராது, கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எழுதினால்தான் ஆள் வருவார்கள் என்று எழுதித் தருபவர் சொல்கிறார். போட்டி தளங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. எழுதலாமா?

வேண்டாம். முதலில் அது உண்மையில்லை, வாங்குகிறவர் மாத்திரையை நிறுத்திவிட்டு உங்கள் எண்ணெயை நம்பினால் அவர் உயிருக்கே ஆபத்து. சட்டமும் விடாது. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும், தடுக்கும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர ஒழுங்குமுறை அனுமதிப்பதில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. சர்க்கரை, இதய நோய், ரத்த அழுத்தம் போன்றவற்றை மருந்து குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954-லிருந்தே இருக்கிறது, குணமாக்கும் என்று நீங்கள் எழுதிவிட்டால் எண்ணெயும் அதற்குள் வந்துவிடலாம். வெப்சைட்டில் எழுதுவதும் விளம்பரம்தான். பக்கத்துத் தளத்தில் இருக்கிறது என்பது உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது.

'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்பதில் இன்னொரு சங்கடம்: கொலஸ்ட்ரால் விலங்குகளிலிருந்து வரும் உணவில் இருப்பது. கடலை, எள், தேங்காய் எதில் ஆட்டினாலும் அது பிரச்சினையாகும் அளவில் இருக்காது, பாக்கெட் எண்ணெயிலும் இருக்காது. உங்கள் எண்ணெய்க்கு மட்டும் உள்ள சிறப்பு போல அதைச் சொல்வது வாங்குகிறவரை ஏமாற்றுவது.

உங்களிடம் எழுத உண்மையாகவே நிறைய இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஏன் பொய்க்குப் போகிறீர்கள்? செக்கு எண்ணெய் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது "ஏன் இவ்வளவு விலை?" என்பதுதான். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டேகால், இரண்டரைக் கிலோ பருப்பு பிடிக்கும் என்று எழுதுங்கள். இன்றைய பருப்பு விலையைப் போட்டு, ஆட்டுக்கூலியும் பாட்டிலும் சேர்த்து, பிண்ணாக்கு விற்று வருவதைக் கழித்துக் கணக்கைக் காட்டுங்கள், வேறெந்த அலங்கார வரியும் அந்தக் கணக்கு அளவுக்கு வேலை செய்யாது. அடுத்தது: "பொரிக்கும்போது ஏன் நுரைக்குது?" "அடியில வண்டல் நிக்குதே, கலப்படமா?" "எத்தனை மாசம் வச்சுக்கலாம்?" "நல்லெண்ணெயில கருப்பட்டி போட்டீங்களா, எவ்வளவு?" ஒவ்வொன்றுக்கும் நாலு வரி பதில் எழுதினால் அதுவே நல்ல பக்கம். லிட்டருக்கும் கிலோவுக்கும் வித்தியாசத்தையும் சொல்லிவிடுங்கள்: ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் வரும், எடை குறைகிறது என்று சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிய தேதி, 14 இலக்க உணவு உரிம எண் இரண்டும் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

சொந்தத் தளத்தில் விற்பவர்களுக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. முகவரி, தொடர்பு எண், எல்லாம் சேர்ந்த மொத்த விலை, பணம் திருப்பித் தரும் விதம், புகார் வாங்கும் அலுவலர் பெயர் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்தில் தகவல் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு. வாடிக்கையாளர் மாதிரி நாமே விமர்சனம் எழுதிப் போடக் கூடாது. 'இன்னும் 2 பாட்டில்தான் இருக்கு' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதலில் தடை செய்த 13 தந்திரங்களில் ஒன்று. இதையெல்லாம் வெறும் சட்டச் சுமையாகப் பார்க்காதீர்கள். தெரியாத கடையில் முதல் தடவை பணம் கட்டப் போகிறவர் தேடுவதே இந்த விவரங்களைத்தான்.

கேள்வி: வீட்டிலிருந்து டெய்லரிங் கிளாஸ் நடத்துகிறேன், அதுதான் வருமானம். 'மூன்று மாதத்தில் கூகுள் முதல் பக்கம், கியாரண்டி' என்று சொல்லி ஒரு நிறுவனம் முன்பணம் வாங்கியது. 100 கட்டுரை ஒரே வாரத்தில் ஏற்றினார்கள். ஐந்து மாதம் ஆகிறது, என் ஊர்ப் பெயரோடு தேடினால்கூட வரவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

முதல் இடம் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. மாற்றம் செய்து பலன் தெரிய பொதுவாக நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்றும் சொல்கிறது. அதனால் ஐந்து மாதத்தில் வரவில்லை என்பது மட்டும் ஏமாற்று ஆகாது, கியாரண்டி கொடுத்ததுதான் உங்கள் பிடி. ஒரே வாரத்தில் 100 கட்டுரை என்பது கவலையான விஷயம். யாருக்கும் உதவாத பக்கங்களைத் தரவரிசைக்காகக் குவிப்பதை 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பாம், அதாவது விதிமீறிய குப்பை, என்று அறிவித்தது, மனிதர் எழுதினாலும் மெஷின் எழுதினாலும் அதே கதைதான். அந்த 100-ஐயும் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் கிளாஸில் சேர நினைக்கும் ஒரு பெண்ணுக்கு உதவாத எதையும் எடுத்துவிடுங்கள்.

பணத்துக்கு: வாட்ஸ்அப் பேச்சு, பில், கியாரண்டி சொன்ன விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தேதி குறித்து எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வியாபாரத்துக்கு வாங்கிய சேவை என்றால் நுகர்வோர் ஆக முடியாது என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டுமே நடத்துபவருக்கு 2019 சட்டத்தில் விலக்கு இருக்கிறது, உங்கள் நிலை அதற்குள் வரும் என்றே தோன்றுகிறது. உங்கள் ஊர் ஆணையத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அதற்கு முன் இன்றே ஒரு வேலை: டொமைன், அதாவது உங்கள் தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, பாஸ்வேர்டு யாரிடம் என்று பாருங்கள். அவர்கள் பெயரில் இருந்தால் பணம் கேட்டுச் சண்டை தொடங்கும் முன் உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். அப்புறம் கூகுள் மேப்பில் உங்கள் கிளாஸை இலவசமாகச் சேருங்கள். வீட்டு முகவரியைக் காட்டாமல் பகுதியை மட்டும் காட்டும் வசதி பற்றியும் அங்கேயே பாருங்கள், மாணவிகள் வீட்டுக்கு வந்து படிக்கிறார்கள் என்றால் முகவரி காட்டித்தான் ஆக வேண்டும். தளத்தில் ஒரே பக்கம் போதும்: எந்தத் தெரு பக்கம், பேட்ச் எத்தனை மணிக்கு, கட்டணம் எவ்வளவு, சொந்த மெஷின் வேண்டுமா, பிளவுஸ் தைக்க எத்தனை வாரத்தில் வரும், குழந்தையைக் கூட்டி வரலாமா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், பகலில் கிளாஸுக்கு வர யோசிக்கும் பல பெண்களுக்கு அதுதான் முதல் கேள்வி.