நவோமி பிழைத்திருந்தால்?

அன்புள்ள அண்ணனுக்கு,

பிளஸ் டூ படிக்கும் என் மகள் ‘டெத் நோட்’ என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரை, அனிமே என்கிறார்கள், பார்த்ததிலிருந்து அதிலேயே கிடக்கிறாள். பெயரை எழுதினால் ஆள் சாகிற நோட்டு, அதை வைத்து உலகத்தைத் திருத்துகிறேன் என்று கொல்லும் பையன். இவள் அவனை வரைந்து போடுகிறாள், கதையை மாற்றி எழுதுகிறாள், முகம் தெரியாதவர்களோடு ராத்திரியெல்லாம் விவாதம். மனசு கெட்டுப்போகாதா?

ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள தங்கைக்கு,

சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் உங்களுடையது. வாலியை ராமன் மறைந்து நின்று கொன்றது சரியா என்று பட்டிமண்டபத்தில் வாதாடி, நடுவர் தீர்ப்பு சொன்ன பிறகும் விடாமல் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போகிறவர்கள் நம் ஆட்கள். உங்கள் மகள் செய்வதும் அதேதான்.

அந்த நோட்டுக்காரப் பையன் லைட் யாகமி கொல்லும் காட்சிகளை மட்டும் வெட்டி, பாட்டுப் போட்டு, அவனை ஹீரோவாக்கும் எடிட்டுகளும் வருகின்றன. அவை எனக்குப் பிடிப்பதில்லை, அவற்றில் கேள்வியே கிடையாது. ஆனால் ரசிகர்களே கதையை மாற்றி எழுதும் ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிற பிள்ளைகள் போகிற இடம் வேறு. நவோமி மிசோராவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாள் எஃப்பிஐ ஆள், கட்டிக்கொள்ள இருந்தவனைப் பறிகொடுத்தவள், கொலையாளியை ஏறக்குறைய நெருங்கிவிடுகிறாள். லைட் தானும் விசாரணைக் குழுவில் இருப்பதாகச் சொல்லி உண்மைப் பெயரை வாங்கி எழுதிவிடுகிறான், கதையும் அவளை விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. ரசிகர்கள் நகரவில்லை. அவள் துப்பறிவாளன் எல்-லிடம் முதலில் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். செத்தவள் பக்கம் நின்று கேட்கிற பிள்ளையின் மனசு எப்படிக் கெடும், சொல்லுங்கள்.

முடிவை மாற்றுவது பற்றியும் பயம் வேண்டாம். 2006இல் முடிந்த மங்காவில், அதாவது மூலக் காமிக்ஸ் கதையில், லைட் சாக விரும்பவில்லை என்று கெஞ்சிக் கதறிச் சாகிறான். 2007இல் முடிந்த அனிமேயிலோ குண்டடிபட்டு ஓடி, படிக்கட்டில் தனியாக, கிட்டத்தட்ட அமைதியாகச் சாகிறான். எடுத்தவர்களே மாற்றியிருக்கிறார்கள், எது நியாயமான சாவு என்று ரசிகர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு மங்காதான் சரி, அத்தனை பேரைக் கொன்றவனுக்கு அந்த அமைதியைக் கொடுத்திருக்கக் கூடாது. உங்கள் மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள்.

ராத்திரி விழிப்பது வேறு விஷயம். பரீட்சை வருஷம், பத்து மணிக்குப் போனை வாங்கி வைத்துவிடுங்கள். அப்புறம், அவள் எழுதிய கதை ஒன்றைக் கேட்டு வாங்கி, திருத்தாமல், முழுசாகப் படியுங்கள்.

அன்புடன்,
அண்ணன்