வாசகர் கேள்வி – பதில்: இல்லாத காட்டின் செடிகளுக்குப் பெயர் வைப்பது

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து மாயாஜால கேம் ஒன்று செய்கிறோம். அதில் 40 செடிகொடிகள் வருகின்றன. மாயமலர், உயிர்வேர், நச்சுக்கொடி, ஒளிப்புல் என்று பெயர் வைத்தோம். விளையாடிப் பார்த்தவர்களுக்கு ஒரு பெயரும் மனதில் நிற்கவில்லை. என்ன பிழை?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: இந்தப் பெயர்கள் செடியைக் காட்டவில்லை. கேமில் அதற்கு என்ன வேலை என்பதை மட்டும் சொல்கின்றன. நம்முடைய செடிப் பெயர்களில் பெரும்பாலானவை செடியைத் தொட்டவரும் மிதித்தவரும் ஆடு மேய்த்தவரும் கண்டதைச் சொன்ன பெயர்கள். தொட்டால் சுருங்குவது தொட்டாச்சிணுங்கி. ஆடு வாய் வைக்காதது ஆடாதோடை. இலைகளுக்குக் கீழே நெல்லிபோல் சின்னச் சின்னக் காய் தொங்குவது கீழாநெல்லி. பயனைச் சொல்லும் பெயரும் உண்டு. முடக்கறுத்தான்தான் வாய்வழக்கில் முடக்கொத்தான் ஆனது. ஆனால் அதுவும் 'முடக்கு' என்று ஒரு நோயைக் குறித்துச் சொல்கிறதே தவிர, 'உயிர்' என்று பொதுவாக நீட்டவில்லை.

ஆகவே பெயருக்கு முன்னால், 40 செடிக்கும் ஒவ்வொரு வரி எழுதுங்கள்: எங்கே முளைக்கிறது, என்ன நிறம், மணம் எப்படி, எந்த விலங்கு அதைத் தேடுகிறது அல்லது ஒதுக்குகிறது. அந்த வரியிலிருந்து ஓர் அடைமொழியும் ஓர் அடிச்சொல்லும் எடுத்தால் பெயர் வந்துவிடும்.

அடைமொழிகளுக்குத் தமிழில் பழகிய பொருள் இருக்கிறது, அதை மீறாதீர்கள். 'யானை' என்றால் பெரிது: நெருஞ்சிலுக்குச் சின்ன முட்காய், யானை நெருஞ்சிலுக்குப் பெரிய காய். 'பேய்' என்றால் கசப்பு, காட்டுத்தனம், வாயில் வைக்க முடியாதது: பேய்ப்பீர்க்கு. 'நில' என்றால் மரத்தின் குணம் தரையில் நிற்கும் சிறு செடிக்கு வந்தது: நிலவேம்பு வேம்பின் இனமே அல்ல, கசப்பு மட்டும் ஒன்று. உங்கள் உலகத்தில் பேய்நெல்லி என்று ஒன்றை வைத்துப் பாருங்கள். அதைத் தின்னக்கூடாது என்று விளையாடுபவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

உயிர்வேர் பாறை இடுக்கில் வளர்வது என்றால் கல்லிடுக்கி என்று வைக்கலாம். வேர் சிவப்பு என்பதற்காகச் 'செங்கல்லிடுக்கி' ஆக்கினால் செங்கல் வந்து நிற்கும். எந்தப் பெயரையும் ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டுத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒளிப்புல்லிலும் இதே சிக்கல், 'ஒளி' என்றால் மறைந்துகொள் என்றும் பொருள். மின்மினிப்புல் தெளிவாக இருக்கும்.

புதிதாக உருவாக்க ஓடுமுன் பழைய பெயர்களைப் பாருங்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். எறுழம், போங்கம், வடவனம், செங்குரலி எல்லாம் இன்றைய காதுக்கு வேறோர் உலகத்துப் பெயர்களாகவே கேட்கும். நள்ளிருணாறி என்பது நள் + இருள் + நாறி, நடு இரவில் மணப்பது. இதைவிட நல்ல மாயப் பூப்பெயரை நாம் உட்கார்ந்து செய்வது கஷ்டம். கேமில் போர்க்குலங்கள் இருந்தால் புறத்திணைப் பூக்கள் தயாராக இருக்கின்றன: ஆநிரை கவர்பவருக்கு வெட்சி, மீட்பவருக்கு கரந்தை, படையெடுப்பவருக்கு வஞ்சி, மதில் காப்பவருக்கு நொச்சி, வென்றவருக்கு வாகை. ஒரே பூவுக்குப் பல தரம் வேண்டுமானால் அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு படி கிடைக்கும். 'பூ லெவல் 3' என்று எழுத வேண்டியதில்லை.

40 பெயரில் 25 உண்மைப் பெயர், 10 அடைமொழி மாற்றியவை, 5 முழுக்கற்பனை என்ற அளவு போதும். எல்லாமே புதுப்பெயர் என்றால் எதுவும் நினைவில் நிற்காது. உண்மைப் பெயரை அதன் இடத்திலேயே வையுங்கள்: அடும்பு கடற்கரை மணலில் படர்வது, அதை மலை உச்சியில் நட்டால் தெரிந்தவர் சிரிப்பார். ஒரு பின்னேரம் புறக்கோட்டை கபோஸ் லேனில் மருந்துச் சரக்குக் கடைகளில் பெயர் கேட்டுக்கொண்டு நடந்தாலும் கொப்பி நிறையும்.

கேள்வி: அந்த ஐந்து கற்பனைப் பெயர்களைத் தமிழ்போல ஒலிக்க வைப்பது எப்படி? 'ட்ராக்னிஸ்', 'லுமிரா' என்றுதான் வாயில் வருகிறது.
— கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: தமிழ்ச் சொல் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தொடங்காது. தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து நிற்காது. க், ச், ட், த், ப், ற் என்று முடியாது. நடுவில் ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப போன்ற இணை வந்தால் செடிப்பெயரின் சாயல் கிடைக்கும். முடிவு ஐ, இ, அம், அல், உ: வாகை, காஞ்சி, கோங்கம், ஞாழல், எருக்கு. இந்த அச்சில் முரந்தை, எழிண்டம், கூவஞ்சி என்று வார்க்கலாம். வார்த்த பிறகு சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் தேடி, வேண்டாத பொருள் ஏதும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ட்ராக்னிஸை எறிந்துவிட வேண்டாம், கடலுக்கு அப்பாலிருந்து வந்த செடிக்கு அது பொருந்தும். விதி மீறிய பெயரே அது அந்நியம் என்று சொல்லிவிடும்.

பெயரோடு வேலை முடியவில்லை, உறுப்புகளும் இருக்கின்றன. வெளியே வைரம் (தண்டின் கெட்டியான பகுதி) உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. அதன்படி பனையும் தென்னையும் புல்லினம், அவற்றுக்கு ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை. முரந்தை பனைபோல இருந்தால் 'முரந்தை இலை' என்று எழுதாதீர்கள், முரந்தையோலை. காய்க்கும் பூவுக்கும் பனை பனங்காய் ஆவதுபோலவும் ஆவிரை ஆவிரம்பூ ஆவதுபோலவும் முரந்தங்காய், முரந்தம்பூ. இந்த 'அம்' ஒன்று சேர்ந்தாலே சொல் நூறு வருடம் புழங்கியதுபோல் ஆகிவிடும்.

கேள்வி: கேமில் 'காந்தள்ஐ பறித்தாய்' என்று வருகிறது. சில பெயர்கள் திரையில் உடைந்தும் தெரிகின்றன.
— தெஹிவளை வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். முதலாவதில், பெயரையும் வேற்றுமை உருபையும் புரோகிராம் அப்படியே ஒட்டுகிறது. ஒவ்வொரு செடிக்கும் 'காந்தள்', 'காந்தளை' என இரண்டு வடிவத்தைச் சேமியுங்கள். அது முடியாவிட்டால் வாக்கியத்தை மாற்றுங்கள்: 'பறித்தது: காந்தள்'. எண்ணிக்கைக்குக் 'கள்' வேண்டாம், 'காந்தள் 3' போதும்.

இரண்டாவது, திரையில் எழுத்துகளைக் கோக்கும் சிக்கல். கேம் செய்யும் மென்பொருளான யுனிட்டியில் எழுத்தை வரையும் டெக்ஸ்ட்மெஷ் புரோ, கொம்பை எழுத்தின் இடப்பக்கம் கொண்டுபோகாது, 'டு', 'ரு' போன்றவற்றையும் சேர்த்து வரையாது. அதேபோன்ற இன்னொரு மென்பொருளான கொடோ 4 இதைச் சரியாகச் செய்யும். யுனிட்டியிலேயே இருக்க வேண்டுமானால் தமிழைக் கோத்துத் தரும் துணைப் பொதி ஒன்றைச் சேர்க்க வேண்டும். சோதனைக்கு 'கொடுவேரி' என்று அடித்துப் பாருங்கள். உண்மையான மூலிகைதான், இரட்டைக் கொம்பு, உகரம், இகரம் எல்லாம் ஒரே சொல்லில் அகப்படும்.

பெயர் நீளத்துக்கு எல்லை வைத்திருந்தால் அதையும் பாருங்கள். நள்ளிருணாறி கண்ணுக்கு 6 எழுத்து, யுனிகோடில் 11 குறி. எல்லை 10 என்றால் கடைசி இகர விசிறி (ி) அறுந்து 'நள்ளிருணாற' என்று நிற்கும்.

கேள்வி: நிஜமான நச்சுச் செடிகளைப் பயன்படுத்தலாமா? சிங்களப் பதிப்பும் வரப்போகிறது.
— பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: நஞ்சாகவே காட்டினால் பயன்படுத்தலாம். கார்த்திகைப் பூ, அதாவது காந்தள், கிழங்கில் கொல்கிசின் என்ற நஞ்சு உள்ள செடி. அதைத் தின்றால் பலம் கூடும் என்று சிறுவர் விளையாடும் கேமில் வைக்கவே கூடாது. இங்கே அந்தப் பூவுக்கு அரசியல் அடையாளமும் உண்டு, தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

சிங்களத்துக்குப் பெயரை ஒலிபெயர்க்காமல், முதலில் எழுதிய அந்த ஒரு வரி விவரத்தைக் கொடுத்துப் புதுப்பெயர் வைக்கச் சொல்லுங்கள். அங்கே 'கொல' என்றால் இலை, 'வெல்' என்றால் கொடி. தமிழ்க் காதுக்கு இரண்டும் போர்க்களம். ஆடாதோடைக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை: சிங்களத்திலும் ஆடதோடா, தாவரவியல் பெயரிலும் அதே தமிழ்ச்சொல்தான்.