பற்றறிக் கழுவுநீரும் மூட்டைச் சேறும்

கேள்வி: சம்மாந்துறையில் மூன்று ஏக்கர் வெள்ளாமை செய்கிறேன். மேல்பக்கம் பழைய பற்றறி உடைக்கும் இடத்துக் கழுவுநீர் எங்கள் வாய்க்காலில் விழுகிறது. குடிநீர் சுத்திகரிக்கும் இடத்துக் கழிவுச் சேற்றைக் குழியில் போட்டு அதற்குள் இந்த நீரை விட்டால் ஈயம் போய்விடும், பிறகு அந்தச் சேற்றையே பசளையாக எறியலாம் என்கிறார் ஒரு வியாபாரி. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை, சிக்கலே அதுதான். குளத்து நீரைத் தெளிய வைக்கப் படிகாரம் போடுவார்கள். அடியில் தங்கும் சேற்றில் அலுமினிய ஐதரொட்சைட்டு இருக்கும், அதில் ஈயம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பற்றறி நீரில் சல்பூரிக் அமிலம் இருக்கிறது. முதலில் சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறிக்காவிட்டால் ஈயம் சரியாக ஒட்டாது, ஒட்டிய ஈயமும் கழன்று வரும். தெளிந்த தண்ணீரைப் போத்தலில் காட்டினால் நம்பாதீர்கள். கரைந்த ஈயத்துக்கு நிறமில்லை.

இரண்டாம் பாதி பச்சைப் பொய். சேறு நஞ்சை அழிப்பதில்லை, தனக்குள் வாங்கிக்கொள்கிறது. லீற்றருக்கு 1 மில்லிகிராம் ஈயமுள்ள நீர் 10,000 லீற்றர் என்றால் அதில் 10 கிராம் ஈயம். அத்தனையும் 50 கிலோ உலர்ந்த சேற்றில் ஏறினால் கிலோவுக்கு 200 மில்லிகிராம். அதையா உங்கள் கையாலேயே வயலுக்கு எறியப் போகிறீர்கள்? உங்கள் பேரன் ஏர் பூட்டும்போதும் அந்த ஈயம் அங்கேதான் கிடக்கும். நஞ்சு ஏறாத சேறென்றாலும் அது பொசுபரசை இறுக்கிப் பிடிக்கும். காசு கொடுத்து எறிந்த டி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளை பயிருக்குச் சேராது.

எங்கிருந்து வந்ததென்று தெரியாத கழிவு எதுவும் வயல் வரம்பைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. சேறோ சாம்பலோ நகரக் குப்பைக் கூட்டெருவோ, ஆய்வுகூட அறிக்கை இல்லாத மூட்டையை இலவசமாகத் தந்தாலும் திருப்பி அனுப்புங்கள். கழிவை அகற்றக் காசு செலவழிக்க வேண்டியவர்கள் உங்கள் வயலைக் குப்பைக்கிடங்காக்கி, அதற்கு உங்களிடமே காசும் கேட்கிறார்கள். இந்த வியாபாரத்தை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அந்த நீர் வாய்க்காலுக்கு ஏன் வருகிறது என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சுண்ணாம்பும் சேற்றுக்குழியும் பற்றறிக்காரரின் வளவுக்குள் இருக்க வேண்டியவை, நஞ்சேறிய சேற்றைப் பாதுகாப்பாக அகற்றுவதும் அவர் பொறுப்பு. தனியாகப் போகாமல் வயல் நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையையும் கமக்காரர் அமைப்பையும் கூட்டிக்கொண்டு மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடுங்கள். அதுவரை கழுவுநீர் வரும் நேரத்தில் வயலுக்குள் நீர் பாயும் வக்கடையை அடைத்து வையுங்கள்.

மாடுகளை அந்தப் பக்கம் விடவே வேண்டாம். உடைந்த பற்றறித் தகட்டை மாடு நக்கும். ஈயம் ஏறிய மாடு பார்வை மங்கி, பல்லை நறநறவென்று கடித்து, மதிலில் தலையை அழுத்தி நிற்கும். அப்படி ஒன்றைக் கண்டால் அன்றைக்கே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.