வாசகர் கேள்வி - பதில்: ஒட்டாவாவுல யாரு யாருக்காக பேசினாங்க?

கேள்வி: பிரிட்டனும் அதோட சாம்ராஜ்ய நாடுகளும் வியாபாரச் சலுகை பேசிக்க கனடாவுல கூடின 1932 ஒட்டாவா மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவுல நம்ம ஆர்.கே.சண்முகம் செட்டியாரும் இருந்தாராமே. அடிமை நாடு தனியா வியாபார ஒப்பந்தம் பேச முடியுமாங்க?

பதில்: பேசலாம், ஆனா பேச ஆள் அனுப்பினது யாருன்னு பாருங்க. குழுத் தலைவர் சர் அதுல் சாட்டர்ஜி, ஐசிஎஸ், அதாவது பிரிட்டிஷ் சர்க்காரோட உயர் நிர்வாகப் பணியில இருந்து வந்தவர். செட்டியார் அப்போ மத்திய சட்டசபையோட துணைத்தலைவர், ஆனாலும் சபை தேர்ந்தெடுத்து அனுப்பல, வைஸ்ராய் சர்க்கார் நியமிச்சு அனுப்பிச்சு, அந்த சர்க்காருக்கு மேல லண்டன்ல இந்திய விவகாரத்தைக் கவனிச்ச பிரிட்டிஷ் மந்திரி சாமுவேல் ஹோர், எதிர்ல உக்காந்து பேரம் பேசுறதும் அதே லண்டன் சர்க்கார்தான். வரி விஷயத்துல இந்திய சர்க்காரும் சபையும் ஒத்துப்போனா லண்டன் தலையிடாதுன்னு 1919லயே ஒரு ஏற்பாடு இருந்துச்சு. ஆனா அந்த 'இந்திய சர்க்கார்' லண்டனுக்குத்தானே பதில் சொல்லணும்!

நெருக்கடி கொடுத்ததும் லண்டன்தான். 1932ல பிரிட்டன் பெரும்பாலான இறக்குமதிக்கு 10 சதவீதம் வரி போட்டுட்டு, இந்தியாவுக்கு நவம்பர் 15 வரைக்கும்தான் விலக்குன்னு சொல்லிடுச்சு. கெடு வச்சவங்க கிட்டயே போய் சலுகை கேக்கணும்.

கேள்வி: சரி, நமக்கு லாபமா நஷ்டமா?

பதில்: சரக்கைப் பொறுத்து. ஆளிவிதைக்கு அர்ஜென்டினா போட்டி, ஒப்பந்தப்படி பிரிட்டன்ல அவங்க சரக்குக்கு 10 சதவீத வரி, நம்ம சரக்குக்கு இல்ல, அதனால அந்த 10 சதவீத சலுகைக்கு அர்த்தம் இருந்துச்சு. டீயில டச்சுக்காரங்க கையில இருந்த ஜாவாவை முந்தலாம், ஆனா அதே சலுகை சிலோனுக்கும் உண்டு. பதிலுக்கு நாம பிரிட்டிஷ் மோட்டார் வண்டிக்கு 7.5 சதவீதம், வேற நிறைய சாமானுக்கு 10 சதவீதம் சலுகை கொடுத்தோம். செட்டியார் ஒண்ணும் விவரம் தெரியாதவர் இல்ல, பின்னாடி சுதந்திர இந்தியாவோட முதல் நிதியமைச்சரே அவர்தான். என்னைக் கேட்டா கோளாறு ஆள்ல இல்ல, அவர் உக்காந்த நாற்காலில.

கேள்வி: சட்டசபை சும்மாவா இருந்துச்சு?

பதில்: 1932ல காங்கிரஸ் சபையிலயே இல்ல, நிறைய பேர் ஜெயில்ல, அதனால ஒப்பந்தம் பாஸ் ஆயிடுச்சு. 1934 தேர்தல்ல காங்கிரஸ் உள்ள வந்ததும் கதை மாறுச்சு, 1936ல ஒப்பந்தத்தை முடிச்சுக்கணும்னு சபை ஓட்டு போட்டுச்சு. அப்பவும் புது ஒப்பந்தம் வர்ற வரைக்கும் பழசே ஓடுச்சு. 1939ல புதுசு வந்தப்போ சபை அதையும் வேணாம்னு தள்ளிச்சு, சர்க்கார் கண்டுக்காம அமலுக்குக் கொண்டு வந்துடுச்சு.