எண்ணெயைக் குறைத்தும் கொலஸ்ட்ரால் ஏறுவது ஏன்?

கேள்வி: மும்பை மாதுங்காவில் வசிக்கிறேன். வயது 51. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. உயரம் 155 செ.மீ., எடை 61 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 91 செ.மீ. சைவம்தான், சமையலில் எண்ணெய் பேருக்குத்தான். காலையில் நாலு இட்லி, மதியம் சாதம், நாலு மணிக்கு காபியும் காரி பிஸ்கட்டும் (அடுக்கடுக்காக உதிரும் மைதா பிஸ்கட்), இரவு மூன்று சப்பாத்தி. மாலையில் ஃபைவ் கார்டன்ஸில் தோழியோடு அரை மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 158, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 41, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பு) 210, வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, பிபி 138/86, டிஎஸ்ஹெச் 11.6. கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கலாம் என்கிறார் டாக்டர். மாத்திரை இல்லாமல் குறைக்க முடியாதா?

பதில்: இந்த ரிப்போர்ட்டில் முதலில் கவனிக்க வேண்டியது எல்டிஎல் அல்ல, நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் டிஎஸ்ஹெச். தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன் இது; தைராய்டு ஹார்மோன் குறையும்போது இது ஏறும். ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுப்பவை கல்லீரல் செல்களின் மேலுள்ள ஏற்பிகள். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இந்த ஏற்பிகள் குறையும். மாதவிடாய் நின்றபின் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்தாலும் அதே கதைதான். உங்களுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் நடந்திருக்கிறது. எண்ணெயை எவ்வளவு குறைத்தாலும் இந்தக் கணக்கு நேராகாது.

டிஎஸ்ஹெச்சை இன்னொரு முறை பாருங்கள். கூடவே ஃப்ரீ டி4 (ரத்தத்திலுள்ள தைராய்டு ஹார்மோன் அளவு), ஆன்டி டிபிஓ (தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்) இரண்டையும் எடுங்கள். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், அது தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும். டிஎஸ்ஹெச் 10-க்கு மேலேயே நின்றால் பொதுவாகத் தைராய்டு மருந்து தொடங்குவார்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஃபில்டர் காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பலருக்கு மருந்து வேலை செய்யாமல் போவது இந்த இரண்டு இடங்களில்தான். சீக்கிரம் சரியாகட்டும் என்று அளவை நீங்களே கூட்டாதீர்கள். தைராய்டு மிகுந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். தைராய்டைக் கவனிக்காமல் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தொடங்கினால் தசைவலி வரும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள்.

அடுத்தது டிரைகிளிசரைடு. ஈஸ்ட்ரோஜன் இருந்தவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு, இப்போது வயிற்றுக்குள் சேர்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சுற்றளவின் எல்லை 80 செ.மீ. வயிற்றுக் கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகும். இன்சுலினுக்குக் கட்டுப்படாத கல்லீரல் அவற்றையும், மிஞ்சிய மாவுச்சத்தையும் டிரைகிளிசரைடாக்கி ரத்தத்தில் விடும். அது ஏறும்போது ஹெச்டிஎல் இறங்கும், எல்டிஎல் துகள்களும் சிறுத்து அடர்த்தியாகி ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதில் புகும். வயிறு, டிரைகிளிசரைடு, ஹெச்டிஎல், சர்க்கரை, பிபி ஆகிய ஐந்தில் மூன்று எல்லை தாண்டினாலே வளர்சிதை மாற்றக் கோளாறு என்பார்கள். உங்களுக்கு ஐந்துமே தாண்டியிருக்கிறது.

சைவம் என்பதால் மட்டும் இதயத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. உங்கள் தட்டு முழுக்க மாவுச்சத்து, புரதம் ஓரமாகக் கிடக்கிறது. இரவில் சாதத்துக்குப் பதில் சப்பாத்தி என்பது வெறும் மனத்திருப்தி: ஒரு கப் சாதமும் இரண்டு சப்பாத்தியும் ஏறக்குறைய ஒன்றுதான், 40 கிராம் மாவுச்சத்து. இட்லியை இரண்டாக்கி, சாம்பாரைக் கெட்டியாக்கி ஒரு கிண்ணம் முழுக்க ஊற்றிக்கொள்ளுங்கள். மதியம் ஒரு கப் சாதம், அதே அளவு கெட்டிப் பருப்பு அல்லது கூட்டு, அதைவிட அதிகமாகக் காய். நாலு மணிக்குக் கொண்டைக்கடலை சுண்டல். நாளைக்கு சுமார் 60 கிராம் புரதம் இலக்கு: 50 கிராம் உலர்ந்த கடலையில் 10 கிராம், 30 கிராம் சோயா உருண்டையில் 15, ஒரு பெரிய கிண்ணம் தயிரில் 6 அல்லது 7 கிடைக்கும்.

எண்ணெயே இல்லை என்கிறீர்கள், காரி பிஸ்கட்டை மறந்துவிட்டீர்கள். அந்த அடுக்குகள் பிரிவதே மைதாவுக்குள் மடித்து வைத்த கெட்டிக் கொழுப்பால்தான். நாளைக்கு மூன்று, நான்கு டீஸ்பூன் கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ ஊற்றித் தாளிப்பதில் தப்பில்லை. தேங்காயெண்ணெய், நெய் மட்டும் அளவோடு. இரண்டும் எல்டிஎல்லை ஏற்றும். காபி நாலு டம்ளர், டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 40 கிராம். பிபிக்காக அப்பளம், ஊறுகாயை விடுங்கள்.

நடையைப் பற்றி: பாட முடியாது, ஆனால் பேச முடியும் என்கிற வேகம் வேண்டும். ஊர்க்கதை முழுவதும் மூச்சு வாங்காமல் பேசி முடிகிறதென்றால் அது உலாத்தல். சிவாஜி பார்க்கை ஒருமுறை சுற்றினால் சுமார் 1.2 கி.மீ.; அதை 13 நிமிடத்தில் முடித்துப் பாருங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் தேவை. இதோடு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரை நன்றாக இறங்கும், ஏனென்றால் வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் கட்டடத்தின் நடைபாதை போதும். தசை குறைந்தால் சர்க்கரைக்குப் போக்கிடமும் குறையும், ஆகவே வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து முறையாக மூன்று தடவை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டில் தூக்குவது.

ஈஸ்ட்ரோஜன் குறைந்ததுதானே காரணம், அதையே மாத்திரையாகச் சாப்பிட்டால் என்ன என்று தோன்றலாம். இதயத்தைக் காப்பதற்கென்று அதைக் கொடுப்பதில்லை. உடல் கொதிப்பும் இரவு வியர்வையும் தூக்கத்தைக் கெடுத்தால் மகப்பேறு மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள்.

தைராய்டு மருந்து தொடங்கி 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச், மூன்று மாதத்தில் கொலஸ்ட்ரால். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும் என்கிற லிப்போபுரோட்டீன் ஏ பரிசோதனையையும் அப்போது சேர்த்துக்கொள்ளுங்கள். எல்டிஎல் போன்ற ஒரு கொழுப்புத் துகள் அது; பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் குறையாது. தைராய்டு சரியான பிறகும் எல்டிஎல் 130-க்கு மேலேயே இருந்தால் மாத்திரை வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். சர்க்கரையும் பிபியும் எல்லையைத் தாண்டியிருப்பதால், உங்கள் டாக்டர் அதைவிடக் குறைந்த இலக்கு வைத்தாலும் நியாயம்தான்.

வேகநடையைத் தொடங்குமுன் ஒன்று. ஸ்டேஷன் பாலத்தில் படியேறும்போது நெஞ்சு இறுகி, நின்றால் சரியாகிறதா? அப்படியானால் முதலில் இசிஜியும் டாக்டரும், நடை பிறகு. பெண்களுக்கு மாரடைப்பு தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத மூச்சிரைப்பு என்றும் வரும். அப்போது கேஸ் என்று சோடா குடித்துப் படுக்காமல் 108-ஐ அழையுங்கள்.