துருப்பிடித்த பிரேக் குழாயில் ஒழுகும் துண்டை மட்டும் மாற்றினால் போதுமா?

18 ஆண்டுகள் ஓடிய பிக்கப்பில் பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் துருப்பிடித்து ஒழுகுகிறது, அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தத் தவற்றை நான் ஒருமுறை செய்திருக்கிறேன்.

கனடாவின் ஸ்கார்பரோவில் ஒரு பனிக்காலக் காலையில், சிவப்பு விளக்கை நெருங்கும்போது என் பிக்கப்பின் பிரேக் மிதி தரைவரை இறங்கிவிட்டது. முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனிச் சுற்று இருப்பதால் முன் பிரேக் மட்டும் பிடித்து, வண்டி மிகவும் தள்ளிப் போய் நின்றது. வெடித்த இடத்தில் ஒரு சாண் குழாயை வெட்டிப் புதுத் துண்டை இணைத்தேன். மூன்றே வாரத்தில், அங்கிருந்து இரண்டு முழம் தள்ளி, குழாயைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கிளிப்புக்கு உள்ளே, அதே குழாய் மீண்டும் வெடித்தது. சாலையில் கொட்டும் உப்பும் சேறும் அந்தக் கிளிப்புகளுக்குள் தேங்கிக் காய்வதே இல்லை. வெளியே பழுப்பாக மட்டும் தெரியும் குழாய் கிளிப்புக்கு அடியில் செதில் செதிலாக உரிந்திருக்கும். 2007 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களில், உப்புச் சாலையில் ஏழெட்டுப் பனிக்காலம் கழிந்தாலே இது வரலாம் என்றும், செதில் உரிந்திருந்தால் குழாய்த் தொகுப்பு முழுவதையும் மாற்ற வேண்டும் என்றும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் அறிவுறுத்தியது.

இரும்புக் குழாய்க்குப் பதிலாகச் செம்பு-நிக்கல் கலவைக் குழாயை வாங்குங்கள். துருப்பிடிக்காது என்பதோடு, கையாலேயே வளைக்க முடியும். நான் ஒரு பால்மா டின்னைச் சுற்றி வளைத்தேன். வெறும் செம்புக் குழாயும், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கம்ப்ரெஷன் இணைப்பும் இங்கே ஆகாது. ஓங்கி மிதிக்கும்போது உள்ளே சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டைத் தாண்டி அழுத்தம் ஏறும்.

பழைய நட்டுகள் எளிதில் அசையாது. முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு, மறுநாள் குழாயை நட்டின் ஓரத்தோடு வெட்டி எறிந்தால் ஆறுமுனைச் சாக்கெட்டை முழுதாகப் போட்டுத் திருகலாம். சாதாரண ஸ்பேனரால் முயன்றால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும்.

வேலையின் உயிர் குழாய் முனையை விரித்து மடிப்பதில்தான் இருக்கிறது. உங்கள் வண்டியில் இருப்பது விளிம்பு உள்ளே மடிந்த இரட்டை மடிப்பா, குமிழ்போல் உப்பிய குமிழ் வடிவமா என்று பழைய முனையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்; ஒன்றின் இடத்தில் மற்றொன்று அடைக்காது. வெட்டிய வாயை உள்ளும் புறமும் அரத்தால் மழித்து, நட்டைக் குழாயில் கோத்துக்கொண்ட பிறகே மடிக்க வேண்டும். அழகாக மடித்து முடித்த பின் நட்டு மேசைமேல் கிடப்பதைப் பார்த்து நொந்துகொள்ளாதவர் இந்த வேலையில் இருக்கமாட்டார்.

குழாய்க்குள் புகுந்த காற்றைச் சக்கரங்களில் இருக்கும் திருகுகள் வழியாக வெளியேற்றும்போது, இடப்பக்க ஸ்டியரிங் வண்டியாக இருந்தால் பெரும்பாலும் வலது பின்சக்கரத்தில் தொடங்குவார்கள். உங்கள் கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படியே செய்யுங்கள். என் மகன் மிதியை அழுத்தி, "பிடிச்சிருக்கிறன் அப்பா" என்று சொன்ன பிறகுதான் நான் திருகைத் திறப்பேன். அதை மூடும்வரை அவன் காலை எடுக்கக் கூடாது. மேலே இருக்கும் பிரேக் எண்ணெய்க் கிண்ணம் ஒருபோதும் வற்றக் கூடாது, ஏனெனில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்தால், பல வண்டிகளில் வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேன் கருவி இல்லாமல் அதை வெளியேற்ற முடியாது. பிரேக் எண்ணெய் வண்டியின் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

வண்டியைத் தெருவுக்கு எடுப்பதற்கு முன், எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் மிதியை ஒரு நிமிடம் முழு பலத்தோடு அழுத்திப் பிடித்திருக்கட்டும். பிறகு ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். என் முதல் மடிப்பில் டிஷ்யூ நனைந்தது. வெட்டிவிட்டு மறுபடி மடித்தேன்.