மறுமொழி: மகளின் 21ஆம் பிறந்தநாள், வீட்டிலா மண்டபத்திலா?

வணக்கம் சகோதரி. ஐப்பசியில் வரும் மகளின் 21ஆம் பிறந்தநாளுக்கு உறவினரும் கல்லூரித் தோழிகளுமாக நாற்பது பேரைப் பாளையங்கோட்டை வீட்டிலேயே அழைக்கலாமா, மண்டபம் பிடிப்பதா என்று கேட்டிருந்தீர்கள். வீடே போதும். ஆனால் இரு கூட்டத்தாரையும் ஒரே நேரத்தில் பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) உட்கார வைத்தால், பெரியவர்கள் முன் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள் என்பதால், உறவினரை மதியத்துக்கும் தோழிகளை மாலைக்கும் அழையுங்கள்.

மதியத்துக்குத் தேங்காய்ப்பால் குழம்பான சொதியே பொருத்தம் (பிரியாணி எங்கும் கிடைக்கும்). உறவினர் இருபத்தைந்து பேர் என்றால் ஆறேழு தேங்காய் வேண்டும். இரண்டாம், மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, முதற்பாலை இறுதியில் ஊற்றி, நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாற்றையும் இறக்கிய பிறகே பிழியுங்கள். இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாமல் சொதியைப் பரிமாறுவது முறையன்று. தேங்காய்ப்பால் விரைவில் கெடும். மிச்சத்தை மாலைக்கு வைக்காதீர்கள்.

மாலைக்குத் தட்டட்டியை (மொட்டை மாடியை) மட்டும் நம்பாதீர்கள். ஐப்பசி வடகிழக்குப் பருவமழைக் காலம். பந்தல்காரரிடம் தகரக் கொட்டகைக்குச் சொல்லிவிடுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதால், பாட்டை அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

மாமியார் நட்சத்திரப் பிறந்தநாளை வலியுறுத்துவதாக எழுதியிருந்தீர்கள். அன்று கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, விருந்தை ஆங்கிலத் தேதியிலேயே வைத்துக்கொள்ளலாம்.